வளவில் நிற்கும் பழைய காருக்குப் புத்தகம் எடுப்பது: அறிகுறி பார்த்து வழி

மட்டக்களப்புக் கல்லடியில் பழைய கார் திருத்தும் சிறிய கராஜ் வைத்திருக்கிறேன். எஞ்சினை எழுப்புவது பெரிய வேலையல்ல. பத்து வருடம் மாமரத்தடியில் தூங்கிய மொரிஸ் மைனரைக்கூட எப்படியாவது தெருவுக்கு இறக்கிவிடலாம். "புத்தகம் எங்கே?" என்று வாகனத்தின் பதிவுச் சான்றிதழைக் கேட்கும்போதுதான் கொண்டுவந்தவரின் முகம் மாறும். "சூறாவளியோடு போய்விட்டது" என்பார் ஒருவர். 1978 நவம்பர் 23 இரவை அவர் இன்னும் மறக்கவில்லை. "தொண்ணூறில் சண்டைக்குப் பயந்து ஓடும்போது எதை எடுப்பது, எதை விடுவது?" என்பார் இன்னொருவர். மருதமுனையிலிருந்தும் பாண்டிருப்பிலிருந்தும் வருகிறவர்கள் 2004 டிசம்பர் 26 என்று தேதியை மட்டும் சொல்வார்கள். அதற்கு மேல் நானும் கேட்பதில்லை.

தொலைந்த கதை எல்லாம் ஒன்றுபோல் இருந்தாலும் கோளாறு ஒன்றல்ல. ஒருவருக்கு இரண்டு கடதாசியில் முடிந்த வேலை, இன்னொருவரை நீதிமன்றம் வரை இழுத்திருக்கிறது. உங்கள் கோளாறு எது என்று கண்டுபிடித்துவிட்டு ஓடுங்கள்.

## எந்த அறிகுறியானாலும் முதல் வேலை

வாகன இலக்கம், சேசி இலக்கம், எஞ்சின் இலக்கம் மூன்றையும் காரிலிருந்தே எடுங்கள். அப்பா சொன்னது, தரகர் எழுதித் தந்தது எதுவும் கணக்கில் வராது.

மொரிஸ் மைனரில் பொனெட்டைத் திறந்தால் எஞ்சினுக்கும் இருக்கைக்கும் நடுவிலுள்ள தடுப்புச் சுவரில் ஒரு தகடு இருக்கும். அதில் சேசி இலக்கம். எஞ்சின் இலக்கம், பிளாக்கில் அறைந்த சிறு தகட்டில். வொக்ஸ்வாகன் பீட்டில் என்றால் பின் இருக்கையைத் தூக்குங்கள். நடுவில் ஓடும் மேட்டில் சேசி இலக்கம் அடித்திருக்கும். அதன் எஞ்சின் இலக்கம், டைனமோ நிற்கும் தாங்கிக்குக் கீழே.

நமது கடற்காற்று தகட்டைத் தின்றிருக்கும். மண்ணெண்ணெய் தோய்த்த துணியால் ஊறவைத்து, பழைய பல் துலக்கும் தூரிகையால் மெதுவாகத் தேயுங்கள். காய்ந்ததும் சோக்குத் தூளைத் தடவி, டோர்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தால் எழுத்து எழும்பி வரும். மேலே மெல்லிய தாளை வைத்துப் பென்சிலால் உரசி ஒரு பிரதியும் எடுங்கள். அரமும் கிரைண்டரும் அந்தப் பக்கமே போகக்கூடாது. துருவைச் சுத்தம் செய்கிறேன் என்று அரம் போட்ட ஒருவரின் காரைப் பரிசோதகர் பார்த்துவிட்டு, இலக்கத்தைச் சுரண்டியது யார் என்று கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லி முடிக்க ஒரு வருடம் போயிற்று.

இலக்கத்தகடே இல்லையா? முன் கண்ணாடியின் உட்பக்கத்தைப் பாருங்கள். பழைய வருமான அனுமதிப்பத்திரம், அதாவது வருடாந்த வாகன வரிச் சீட்டு, ஒட்டியபடியே நிற்கலாம். உரிக்காமல், இருந்த இடத்திலேயே படம் எடுங்கள். அதுவும் இல்லையென்றால் குடும்பத்துக் கலியாண அல்பத்தைக் கேளுங்கள். பொண்ணு மாப்பிள்ளை ஏறிய கார் எப்போதும் முகப்பு தெரியும்படிதான் படத்தில் நிற்கும். மூன்று கார்களின் இலக்கத்தை நான் இப்படித்தான் கண்டுபிடித்தேன். 1957, 58 காலத்துப் படமாக இருந்தால் தகட்டில் சிங்கள ஸ்ரீ எழுத்துக்குப் பதிலாகத் தமிழ் ஸ்ரீ எழுதியிருப்பதைக் கண்டு குழம்பவேண்டாம். அந்தச் சிங்கள எழுத்தை எதிர்த்து நடந்த போராட்டத்தின் மிச்சம் அது. இலக்கம் அதேதான்.

இனி, பதிவேட்டில் உள்ளதைத் தெரிந்துகொள்ள வேண்டும். புத்தகம் என்று நாம் சொல்லும் சி.ஆர்., அதாவது பதிவுச் சான்றிதழ், நாரஹேன்பிட்டியில் தலைமையகம் வைத்திருக்கும் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பதிவேட்டிலிருந்து பிறப்பது. அங்கே எழுதியிருப்பதுதான் உண்மை நிலை. கட்டணம் கட்டி அந்தப் பதிவின் சான்றுபடுத்திய பிரதியை எடுங்கள். எங்கள் வட்டாரத்தில் அதை எக்ஸ்ட்ராக்ட் என்போம். கொழும்புக்கு பஸ் ஏறுமுன் கச்சேரியிலுள்ள திணைக்களத்தின் மாவட்ட அலுவலகத்தில் கேளுங்கள். எதை இங்கேயே கொடுக்கலாம், எதற்கு அங்கே போகவேண்டும் என்று அவர்கள் சொல்வார்கள். அன்றைய கட்டணமும் அங்கேதான் தெரியும்.

எக்ஸ்ட்ராக்ட் கையில் வந்ததும் கீழே உங்கள் தலைப்பைத் தேடிக்கொள்ளுங்கள்.

## அறிகுறி 1: பதிவேட்டில் உங்கள் பெயர்தான், புத்தகம் மட்டும் இல்லை

அதிர்ஷ்டசாலி நீங்கள். தேவை ஓர் இணைப்பிரதி (டூப்ளிகேட்) மட்டுமே.

### புத்தகம் உண்மையிலேயே தொலைந்ததா?

முதலில் இதைப் பாருங்கள், காசில்லாத வேலை. லீசிங் எடுத்து முடித்தவர்கள் புத்தகத்தைத் திரும்ப வாங்கவே மறந்திருப்பார்கள். எங்கோ அடகாகக் கொடுத்திருக்கலாம். காப்புறுதிக் கோவைக்குள் மடித்துக் கிடக்கலாம். ஓட்டமாவடிக் காக்கா ஒருவர் ஆறு மாதம் அலைந்தபின், புத்தகம் அவருடைய மூத்த மகளின் பிறப்புச் சான்றிதழோடு ஒரே உறைக்குள் இருந்தது.

### கறையான் அரித்தது, நனைந்து ஒட்டிப்போனது

இது தொலைந்தது ஆகாது. தொலைந்தது என்று பொலிஸில் முறைப்பாடு செய்யாதீர்கள். மிஞ்சிய துண்டையே விண்ணப்பத்தோடு ஒப்படையுங்கள். பொய்யாக ஒரு சத்தியக்கடதாசி (அஃபிடவிட்) முடித்துவிட்டு, பிறகு துண்டு அகப்பட்டால் தேவையில்லாத தலையிடி.

### தொலைந்ததுதான்

பொலிஸ் முறைப்பாடு, அதன் சான்றுபடுத்திய பிரதி, சமாதான நீதவான் முன் ஒப்பமிட்ட சத்தியக்கடதாசி, அடையாள அட்டைப் பிரதி, இணைப்பிரதிக்கான விண்ணப்பம். இவ்வளவுதான். ஆனால் இந்த இடத்தில்தான் ஆட்கள் இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் திரும்பி வருகிறார்கள். காரணம் எப்போதும் ஒன்றுதான்: ஒரு கடதாசியில் உள்ள இலக்கம் மற்றக் கடதாசியில் இல்லை.

முக்கியமாக, பழைய வாகன இலக்கத்தின் நடுவில் வரும் ஸ்ரீ. முறைப்பாட்டை எழுதுகிறவர் எழுத்தை விட்டுவிட்டு நடுவில் ஒரு கோடு போட்டுவிடுவார். ஸ்ரீ வரிசை முடிந்தபின் கோடு போட்ட இலக்கங்களும் வந்தன அல்லவா? ஆகவே கோடு போட்டால் அது வேறொரு வாகனம். என்னுடன் வந்த ஒரு வாத்தியாரின் பிரதியில் இப்படி நேர்ந்து, இரவெல்லாம் ரயிலில் குந்திப் போன பயணம் ஒரே நிமிடத்தில் கவுண்டரில் முடிந்தது. முறைப்பாட்டுப் புத்தகத்தில் ஒப்பமிடுமுன் எழுதியதை வாசித்துக் காட்டும்படி கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை, வெட்கப்பட ஒன்றுமில்லை.

"எங்கே தொலைந்தது?" என்ற கேள்விக்குச் சுனாமி என்றால் சுனாமி என்றே சொல்லுங்கள். போன கிழமை பஸ்ஸில் தவறவிட்டேன் என்று புதுக்கதை கட்டினால் வேலை சுளுவாகும் என்று சிலர் சொல்லித்தருவார்கள். சத்தியக்கடதாசி உங்கள் பெயரில் முடிகிறது, சொல்லித்தந்தவர் பெயரில் அல்ல.

சட்டத்தரணி தேவையில்லை. தரகர் தேவையே இல்லை.

## அறிகுறி 2: பதிவேட்டில் உங்களுக்கு விற்றவரின் பெயர், அல்லது அவருக்கு விற்றவரின் பெயர்

இதற்கு நம் ஊரில் பெயர் ஓப்பன் பேப்பர். விற்றவர் வெற்றுப் படிவத்தில் ஒப்பம் வைத்துத் தருவார். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓடுவார். பிறகு அதே படிவத்தோடு அடுத்தவர் கைக்குப் போகும். புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த படுவான்கரையில் 2007 வரை அலுவலகம் என்றால் ஆற்றைக் கடந்து போகவேண்டிய சங்கதி. அங்கே கைமாறிய வாகனங்களில் பெயர் மாறாதவைதான் அதிகம் என் கராஜுக்கு வருகின்றன.

சட்டம் சொல்வது எளிது. 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டப்படி, கைமாறி 14 நாட்களுக்குள் அறிவிக்கவேண்டும். எம்.ரீ.ஏ. 6 உரிமை மாற்றத்துக்கான விண்ணப்பம், எம்.ரீ.ஏ. 8 விற்றவர் ஆணையாளருக்கு அறிவிக்கும் படிவம். பதினான்கு நாள் பதினான்கு வருடமாகிவிட்ட பிறகு என்ன செய்வது?

### பதிவேட்டில் உள்ளவர் ஊரில் இருக்கிறார்

நேரே போய்ப் பாருங்கள். பழைய படிவத்தில் மங்கிப்போன ஒப்பத்தை நம்பி அனுப்பாமல், புதிதாக நிரப்பி, அவருடைய இன்றைய அடையாள அட்டைப் பிரதியோடு ஒப்பம் வாங்குங்கள். நடுவில் இரண்டு மூன்று பேர் வாங்கி விற்றிருந்தால் அவர்களிடமும் ஒரு கடிதம் எழுதி வாங்கிவையுங்கள். போகும்போது வெறுங்கையோடு போகவேண்டாம் என்பது என் அனுபவம். காசைச் சொல்லவில்லை, ஒரு சீப்பு வாழைப்பழம் போதும். அந்தக் காரை முதலில் வாங்கியவருக்கு அது வெறும் இரும்பல்ல, ஒரு மணி நேரம் கதை கேட்கவேண்டிவரும்.

அவர் மறுத்தால்? பெரும்பாலும் பயம்தான் காரணம். அவர் பெயரில் உள்ள காரால் நாளை ஒரு விபத்து நடந்தால் பொலிஸ் முதலில் அவர் வாசலுக்குத்தான் வரும். பெயர் மாற்றினால் அந்தப் பயம் அவருக்கும் தீரும் என்று சொல்லிப் பாருங்கள். கூடுதல் காசு கேட்கிறார் என்றால் விலைபேசுவது உங்கள் பாடு.

### அவர் வெளிநாட்டில்

சுவிஸ், கனடா, லண்டன். இப்போது இதுதான் வழக்கமான விடை. அவர் இருக்கும் நாட்டிலுள்ள இலங்கைத் தூதரகத்தில் உறுதிப்படுத்திய அற்றோணித் தத்துவம் (பவர் ஒப் அற்றோணி) ஒன்றை இங்குள்ள ஒருவர் பெயருக்கு அனுப்பவேண்டும். அதில் "என் சொத்துக்கள் அனைத்தும்" என்று பொதுவாக எழுதாமல், வாகன இலக்கமும் சேசி இலக்கமும் குறிப்பிட்டு, உரிமை மாற்ற ஒப்பமிடும் அதிகாரத்தையும் எழுதச் சொல்லுங்கள். இந்த இடத்தில் நொத்தாரிசுக்குக் கொடுக்கும் காசு வீணல்ல.

### அவரைக் கண்டுபிடிக்கவே முடியவில்லை

எக்ஸ்ட்ராக்ட்டில் உள்ள முகவரியின் கிராம உத்தியோகத்தரிடம் போங்கள். இடம்பெயர்ந்து போனவரா, இறந்தவரா என்று அவரால் சொல்லமுடியும். பள்ளிவாசல், கோயில் பரிபாலனசபை, பழைய ஹயர் கார் ஓட்டுநர்கள் எல்லாரிடமும் விசாரியுங்கள். அவ்வளவும் செய்தும் ஆள் இல்லையென்றால் சட்டத்தரணியிடம் போகும் நேரம் வந்துவிட்டது. அவருடைய ஒப்பத்தை நீங்களே போட்டுவிடலாம் என்று யாராவது சொன்னால், அது போலிக் கையெழுத்து. வேறு பெயர் அதற்கு இல்லை.

## அறிகுறி 3: பதிவேட்டில் உள்ளவர் இறந்துவிட்டார்

இதில் கடதாசியைவிடக் குடும்பம்தான் சிக்கல்.

மட்டக்களப்புப் பக்கம் வீட்டை மகளுக்குச் சீதனமாக எழுதுவோம். வீடும் வளவும் மகளுடையது. வளவில் நிற்கும் கார்? மருமகன் பதினைந்து வருடம் கழுவித் துடைத்திருப்பார், தன்னுடையது என்றே நினைத்திருப்பார். ஆனால் வீட்டு உறுதியில் கார் எழுதப்படவில்லை. கார் இறந்தவரின் பெயரில்தான் நிற்கிறது, எல்லா வாரிசுகளுக்கும் அதில் பங்குண்டு. "தம்பி, மச்சான்மார் ஒன்றும் சொல்லமாட்டார்கள்" என்று சொல்லி வந்தவர்களுக்கு, கார் ஓடத்தொடங்கிய நாளில் மச்சான்மார் நிறையச் சொல்லியிருக்கிறார்கள். துருப்பிடித்துக் கிடக்கும்வரை யாருக்கும் வேண்டாத கார், பொலிஷ் போட்டு நிறுத்தியதும் எல்லாருக்கும் அப்பாவின் நினைவாகிவிடுகிறது.

ஆகவே எஞ்சினில் கைவைக்குமுன் இதைச் செய்யுங்கள்.

### எல்லா வாரிசுகளும் ஒத்துக்கொள்கிறார்கள்

மரணச் சான்றிதழ், வாரிசுகளின் பிறப்புச் சான்றிதழ்கள், இறந்தவரின் துணை உயிரோடிருந்தால் விவாகச் சான்றிதழ், தங்கள் பங்கை ஒருவருக்கு விட்டுக்கொடுப்பதாக ஒவ்வொருவரும் முடித்த சத்தியக்கடதாசி. வெளிநாட்டில் உள்ளவர் தூதரகத்தின் மூலம். இவற்றைச் சேர்த்துக்கொண்டு மாவட்ட அலுவலகத்தில் காட்டி, இன்னும் என்ன வேண்டும் என்று கேளுங்கள். ஒரு வாரிசும் விடுபடக்கூடாது. முதல் தாரத்துப் பிள்ளையும் வாரிசுதான்.

கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கத்து முஸ்லிம் குடும்பங்களில் பங்கு, 1931ஆம் ஆண்டின் முஸ்லிம் மரண சாதனமில்லா வழியுரிமைச் சட்டப்படி போகும். மகன், மகள், மனைவி, தாய் என்று பங்கு வேறுபடுவதால் யார் யாரிடம் ஒப்பம் வாங்குவது என்பதைத் தெரிந்தவரிடம் கேட்டு முதலிலேயே பட்டியல் போட்டுவிடுங்கள்.

### ஒருவர் மறுக்கிறார், அல்லது மரணசாதனம் (உயில்) இருக்கிறது, அல்லது வேறு பெரிய சொத்தும் இருக்கிறது

இனி இது கார் விஷயமல்ல, மாவட்ட நீதிமன்றத்தில் மரணசாதன வழக்கு. சட்டத்தரணியைப் பாருங்கள். மற்றச் சொத்துக்காக ஏற்கனவே வழக்கு போட்டிருக்கிறார்களா என்று முதலில் விசாரியுங்கள். போட்டிருந்தால் காரையும் அந்தச் சொத்துப் பட்டியலில் சேர்க்கக் கேட்கலாம். தனியாக இன்னொரு செலவு வேண்டாம்.

## அறிகுறி 4: "முழு உரிமையாளர்" என்ற இடத்தில் ஒரு கம்பனியின் பெயர்

பதிவு செய்த உரிமையாளர் வேறு, முழு உரிமையாளர் வேறு. லீசிங்கிலோ கடனிலோ வாங்கிய வாகனத்தில் கம்பனியின் பெயர் இப்படி நிற்கும். கடன் எப்போதோ தீர்ந்திருக்கும். பெயரை நீக்கிக்கொள்ள யாரும் போயிருக்கமாட்டார்கள்.

கம்பனி இன்னும் நடக்கிறது என்றால் கிளையில் போய் விடுவிப்புக் கடிதம் கேளுங்கள். பழைய பற்றுச்சீட்டு இருந்தால் அன்றே கூடக் கிடைக்கும். கம்பனி வேறொன்றோடு இணைந்துவிட்டது என்றால் புதிய கம்பனிதான் கடிதம் தரவேண்டும். மூடிவிட்டார்கள் என்றால் கணக்கை முடிக்க நியமிக்கப்பட்டவரைத் தேடவேண்டும். அந்த இடத்தில் நீங்களாக அலைவதை நிறுத்திவிட்டுச் சட்டத்தரணியைக் கொண்டு ஒரு கடிதம் எழுதிக்கேளுங்கள்.

## அறிகுறி 5: காரில் உள்ள இலக்கமும் பதிவேட்டில் உள்ள இலக்கமும் ஒத்துவரவில்லை

### எஞ்சின் இலக்கம் மட்டும் வேறு

பயப்படவேண்டாம். நாற்பது ஐம்பது வருடத்தில் எஞ்சின் மாற்றாத கார் எது? மாற்றிய எஞ்சின் வாங்கிய பற்றுச்சீட்டைத் தேடுங்கள். அதோடு மோட்டார் வாகனப் பரிசோதகரிடம் காரைக் காட்டி, பதிவில் மாற்றம் செய்ய விண்ணப்பியுங்கள். நிறம் மாறியிருந்தாலும் இதே வழி. பற்றுச்சீட்டு இல்லையென்றால் எஞ்சின் எங்கிருந்து வந்தது என்பதைச் சத்தியக்கடதாசியில் எழுதத் தயாராக இருங்கள்.

### சேசி இலக்கத்தில் ஓர் எழுத்து வேறு

முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகியுங்கள். துருவில் 3 உம் 8 உம் ஒன்று, 1 உம் 7 உம் ஒன்று. சோக்குத் தூளோடு மறுபடி எடுங்கள். பிறகு பதிவேட்டை எழுதியவரின் கையைச் சந்தேகிக்கலாம்; பழைய பதிவுகள் கையெழுத்தில் இருந்தவை. தவறு அங்கே என்றால் பரிசோதகரின் அறிக்கையோடு திருத்தம் கேட்கலாம்.

### சேசி இலக்கம் முழுவதும் வேறு, அல்லது வெட்டி ஒட்டிய தடம் தெரிகிறது

இங்கே நிறுத்துங்கள். வண்ணம் பூசவேண்டாம், உருக்கி ஒட்டவேண்டாம், வேறொருவருக்கு விற்கவும் வேண்டாம். செத்துப்போன ஒரு காரின் இலக்கத்தில் வேறொரு காரை ஓட்டும் மோசடி நாட்டில் உண்டு, அதை வாங்கியவரும் மாட்டிக்கொள்வார். இலக்கம் மாற்றப்பட்டதா என்று இரசாயனப் பகுப்பாய்வாளர் திணைக்களம் பரிசோதிக்கும் நிலைக்கு இது போகக்கூடியது. காரை யாரிடம், எப்போது, எவ்வளவுக்கு வாங்கினீர்கள் என்பதை எழுதிக்கொண்டு சட்டத்தரணியிடம் போங்கள். பொலிஸுக்குப் போவதும் அவர் மூலமாகவே இருக்கட்டும்.

இந்த நிலையில் வரும் காரை நான் கராஜுக்குள் எடுப்பதில்லை. வாசலிலேயே பார்த்து அனுப்பிவிடுவேன்.

## அறிகுறி 6: பதிவேட்டில் அந்த இலக்கமே இல்லை, அல்லது பதிவு இரத்து

இல்லை என்று முதலில் சொல்லும்போது நம்பிவிடாதீர்கள். ஸ்ரீயா கோடா என்று மறுபடி கேளுங்கள். சேசி இலக்கத்தைக் கொடுத்துத் தேடக் கேளுங்கள். ஸ்ரீக்கும் முந்திய, ஆங்கில எழுத்து இலக்கக் கார்கள் என்றால் பழைய கோவைகளைப் புரட்டவேண்டிவரலாம். எழுத்தில் கோரிக்கை கொடுத்து, கொடுத்ததற்கு அத்தாட்சி வாங்கிக்கொண்டு காத்திருங்கள்.

இரத்துச் செய்யப்பட்டது என்றால், காரை அழித்துவிட்டதாக யாரோ ஒருகாலத்தில் எழுதிக்கொடுத்திருக்கிறார். யார், ஏன் என்று தெரியாமல் ஒரு ரூபாயும் செலவழிக்காதீர்கள். பெரும்பாலும் அந்தக் கார் உதிரிப்பாகமாகத்தான் பயன்படும்.

## அறிகுறி 7: புத்தகம் சரி, பிரதேச செயலகத்தில் வருமான அனுமதிப்பத்திரம் தரவில்லை

வருடக்கணக்கில் எடுக்காத அனுமதிப்பத்திரத்தின் நிலுவை. கார் ஓடவில்லை என்று அந்தக் காலத்தில் பாவனையின்மை அறிவித்தல் கொடுத்திருந்தால் அதன் பிரதியைத் தேடுங்கள். கொடுக்கவில்லை என்றால் நிலுவையைக் கட்டித்தான் ஆகவேண்டும். கூடவே காப்புறுதியும் புகைப் பரிசோதனைச் சான்றிதழும் வேண்டும். புகைக்கு முன் கார்புரேட்டரைச் சீர்செய்து, எஞ்சின் எண்ணெயை மாற்றிக்கொண்டு, கொஞ்ச தூரம் ஓடவிட்டுச் சூட்டோடு போங்கள். இன்னும் திருத்தி முடிக்காத கார் ஒன்று வளவில் கிடக்கிறது என்றால் இன்றே பாவனையின்மையை அறிவித்துவிடுங்கள். நிலுவை அங்கேயே நிற்கும்.

## புதுப் புத்தகத்தைக் கையில் தந்ததும்

கவுண்டரை விட்டு நகராதீர்கள். பென்சிலால் உரசி எடுத்த தாளைப் பையிலிருந்து எடுத்து, சேசி இலக்கத்தை ஒவ்வோர் எழுத்தாக ஒப்பிடுங்கள். பிறகு எஞ்சின் இலக்கம், நிறம், உங்கள் பெயரின் எழுத்து, அடையாள அட்டை இலக்கம். பிழை இருந்தால் அந்த நேரத்திலேயே காட்டுங்கள். மட்டக்களப்புக்கு வந்தபிறகு கண்டுபிடித்தால் இன்னொரு இரவு ரயில்.